இறுதிச் சடங்கில் எழுந்த சிரிப்பு

தொலைக்காட்சியைப் பார்த்து நாம் சிரித்தவற்றுள் பெரும்பகுதி மறுநாளே மறந்துபோகிறது. விழுந்து விழுந்து சிரித்தோம் என்பது நினைவில் இருக்கும். எதற்குச் சிரித்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆயினும் சில காட்சிகள் அவ்வாறு மறைவதில்லை. பல ஆண்டுகள் கடந்த பின்னரும் ஒருவர் அக்காட்சியைத் தொடங்கி வைத்தால் மற்றவர் அதை முடித்து வைக்கிறார். இருவரும் முதன்முறை பார்ப்பதுபோல மீண்டும் சிரிக்கின்றனர். ஒரே தொடரில், ஒரே நடிகர்கள் நடித்த நூற்றுக்கணக்கான காட்சிகளுள் ஒன்று மட்டும் இவ்வாறு நிலைத்துவிடுவது எதனால்?

மருந்தையும் உணவையும் பராமரிப்பையும் பற்றிப் பேசும் இவ்விதழில் இக்கேள்விக்கு இடம் உண்டா என்று வாசகர்கள் எண்ணக்கூடும். உண்டு என்றே நாம் கருதுகிறோம். நோயாளியின் கட்டிலருகே பல நாள்கள் அமர்ந்திருப்போருக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. உள்ளே ஒருவர் வலியோடு படுத்திருக்கும்போது, வெளியே தாழ்வாரத்தில் நாம் சிரிக்கலாமா? சிரித்துவிட்டால் அது அன்பின்மை ஆகுமா? நோயாளிகளுக்கும் இதைப் போன்ற தயக்கம் உண்டு. தாம் சிரித்தால், தம் வலி உண்மையன்று என்று வீட்டார் நினைத்துவிடுவார்களோ என்று அஞ்சுவோர் உண்டு. இந்த ஐயத்தையே கதையாக்கிய நகைச்சுவைக் காட்சி ஒன்று ஏறத்தாழ அரை நூற்றாண்டாக மக்கள் நினைவில் நிற்கிறது. அது ஏன் நிற்கிறது என்று ஆராய்ந்தால், நம் ஐயத்திற்கும் விடை கிடைக்கும்.

கோமாளியின் மரணம்

அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி 1970 முதல் 1977 வரை ‘தி மேரி டைலர் மூர் ஷோ’ என்னும் நகைச்சுவைத் தொடரை ஒளிபரப்பியது. மினியாபொலிஸ் நகரத்துத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றின் செய்திப் பிரிவே கதைக்களம். அங்குப் பணியாற்றும் மேரி ரிச்சர்ட்ஸ் என்னும் பெண்ணாக மேரி டைலர் மூர் நடித்தார். மேரி பண்பானவர், எவர் மனமும் புண்படாமல் பேசுபவர், எந்த இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை நன்கு அறிந்தவர். மேலதிகாரி லூ கிராண்ட், செய்தி எழுதும் மர்ரே ஸ்லாட்டர், செய்தி வாசிக்கும் தற்பெருமைக்காரர் டெட் பாக்ஸ்டர் ஆகியோர் அவருடன் பணியாற்றுவோர்.

1975 அக்டோபர் 25 அன்று ஒளிபரப்பான பகுதி, அந்நிலையத்தில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சியை நடத்திவந்த சக்கிள்ஸ் என்னும் கோமாளியின் மரணத்தைப் பற்றியது. டேவிட் லாய்ட் எழுத, ஜோன் டார்லிங் இயக்கினார். நகருக்கு வந்த சர்க்கஸ் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கும்படி முதலில் டெட்டையே அழைக்கின்றனர். செய்தி வாசிப்பவருக்கு அது தகாது என்று லூ தடுத்துவிடுகிறார். அவருக்குப் பதிலாகச் சக்கிள்ஸ் செல்கிறார். வேர்க்கடலை வேடம் அணிந்து செல்கிறார். கட்டுக்கடங்காத யானை ஒன்று அவரை உண்மையான வேர்க்கடலை என்று எண்ணித் தோலுரிக்க முயல்கிறது. அதில் அவர் இறந்துபோகிறார்.

செய்தி கேட்டு அலுவலகம் அதிர்ச்சியடைகிறது. சிறிது நேரத்தில் மர்ரேயின் வாயிலிருந்து ஒரு வேடிக்கைப் பேச்சு தப்பி வெளிவருகிறது. அதைத் தொடர்ந்து இன்னொன்று. லூவும் அடக்க முடியாமல் சிரிக்கிறார். மேரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதர் இறந்திருக்கும்போது இவ்வாறு சிரிப்பது முறையா என்று அவர் அனைவரையும் கடிந்துகொள்கிறார். அச்சம் தரும் ஒன்றைக் கண்டு சிரிப்பது மனிதர் தம்மைக் காத்துக்கொள்ளும் ஒரு வழி என்று லூ விளக்க முற்படுகிறார். மேரி அதை ஏற்பதில்லை.

பிறகு இறுதிச் சடங்கு. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அனைவரும் தலை குனிந்து அமைதியாக அமர்ந்திருக்கின்றனர். போதகர் எழுந்து, சக்கிள்ஸ் ஏற்று நடித்த வேடங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூறி அஞ்சலி செலுத்துகிறார். அப்பெயர்கள் யாவும் குழந்தைகளைச் சிரிக்க வைப்பதற்காகச் சூட்டப்பட்ட கோமாளிப் பெயர்கள். அவற்றை அவர் துளியும் சிரிக்காமல், வேத வசனம் வாசிக்கும் குரலில் வாசிக்கிறார். மேரியிடமிருந்து மெல்லிய ஒலி ஒன்று எழுகிறது. அவர் அதை இருமலாக மாற்ற முயல்கிறார். போதகர் தொடர்கிறார்: சக்கிள்ஸின் வேடங்களுள் ஒன்றை அதன் எதிரி பெரியதொரு வெள்ளரிக்காயால் அடித்து வீழ்த்தும்போதெல்லாம், அது எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, தன் ‘ஃபூஃபூ’வில் அடிபட்டுவிட்டதாகக் கூறுமாம். நாம் எல்லோரும் வாழ்க்கையில் அவ்வப்போது விழுந்து அடிபடுகிறோம். அவரைப் போல எளிமையாகவும் துணிவாகவும் எழுந்துவிட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் நெஞ்சுருகிச் சொல்கிறார். மேரியால் தாங்க முடியவில்லை. உதட்டைக் கடித்தும் வாயைப் பொத்தியும் பார்க்கிறார். சிரிப்பு பீறிட்டு வெளிவந்துவிடுகிறது. அவையோர் அனைவரும் திரும்பிப் பார்க்கின்றனர்.

போதகர் மேரியை எழுந்து நிற்கச் சொல்கிறார். கடிந்துகொள்ளப் போகிறார் என்றே நாமும் எதிர்பார்க்கிறோம். அவரோ கனிவாகப் பேசுகிறார். அடக்க வேண்டாம், வாய்விட்டுச் சிரியுங்கள். சக்கிள்ஸ் விரும்பியதும் அதுவே. மக்களைச் சிரிக்க வைக்கவே அவர் வாழ்ந்தார். அழுகை அவருக்குப் பிடிக்காத ஒன்று என்கிறார். அந்த அனுமதி கிடைத்த கணத்திலேயே மேரி தேம்பித் தேம்பி அழத் தொடங்குகிறார்.

இப்பகுதியை எழுதியமைக்காக டேவிட் லாய்டுக்கு எம்மி விருது கிடைத்தது. 1997இல் ‘டிவி கைடு’ இதழ் தொலைக்காட்சி வரலாற்றின் தலைசிறந்த 100 பகுதிகளைத் தேர்ந்தெடுத்தபோது இதற்கே முதலிடம் அளித்தது.

கனமான பின்புலமே காரணம்

வெள்ளரிக்காயால் அடிபடும் கோமாளியைப் பற்றிய செய்தி தனியாகப் பார்த்தால் அவ்வளவு வேடிக்கையானதன்று. குழந்தைகள் நிகழ்ச்சியில் அதே காட்சியை நேரில் பார்த்திருந்தால், மேரி சிறு புன்னகையோடு கடந்து சென்றிருப்பார். இறுதிச் சடங்கில், கறுப்பு உடை அணிந்தோர் நடுவே, கனிந்த குரலில் அது சொல்லப்பட்டபோதுதான் தாங்க முடியாததாயிற்று.

அக்காட்சிக்கு முன் எழுத்தாளர் செய்துவைத்த ஏற்பாடுகளைக் கவனிக்க வேண்டும். முதலாவதாக, நகைப்புக்குரிய வகையில் ஒரு மரணம் நிகழ்கிறது. இரண்டாவதாக, சிரித்தவர்களை மேரி கண்டிக்கிறார்; அதனால் அவர் சிரிக்கக் கூடாதவர் ஆகிவிடுகிறார். மூன்றாவதாக, சிரித்தவர்கள் அனைவரும் அடங்கிவிடுகின்றனர். இனி மேரிக்குத் துணையாகச் சிரிப்பார் எவரும் இல்லை. நான்காவதாக, மேரியின் பண்பை ஐந்து ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய நமக்கு, இத்தகைய இடத்தில் சிரித்துவிடுவது அவருக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்பது தெரியும். ஒவ்வோர் ஏற்பாடும் சிரிப்புக்கு எதிராக ஒரு கரையை உயர்த்துகிறது. கரை உயர உயர, உடைப்பின் வேகமும் கூடுகிறது.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஸ்டீபன் ஷ்மிட் 1994இல் வெளியிட்ட ஆய்வில், வேடிக்கையான வாக்கியங்களையும் சாதாரண வாக்கியங்களையும் கலந்து கொடுத்து, எவை நினைவில் நிற்கின்றன என்று பார்த்தார். வேடிக்கையான வாக்கியங்களே மிகுதியாக நின்றன. ஆனால் வேடிக்கையான வாக்கியங்களை மட்டும் தொகுத்துக் கொடுத்தபோது அந்தச் சிறப்பு காணப்படவில்லை. அதாவது, சாதாரணமானவற்றின் நடுவே தனித்துத் தெரிவதாலேயே நகைச்சுவை நினைவில் நிற்கிறது. எல்லாமே வேடிக்கையாக இருக்குமிடத்தில் எதுவும் தனித்துத் தெரிவதில்லை.

பிரிட்டனிலிருந்து இன்னொரு காட்டு. பி.பி.சி.யின் ‘ஓன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்’ தொடரில் 1989 ஜனவரி 8 அன்று ஒளிபரப்பான ஒரு காட்சியை அந்நாட்டினர் இன்றும் மறக்கவில்லை. தெருவோர வியாபாரியான டெல் பாய், பெரும் பணக்காரர் போல உடையணிந்து, நாகரிகமான மதுக்கூடம் ஒன்றில் அலட்சியமாகச் சாய்ந்து நிற்கிறார். அவர் அறியாத வேளையில் பணியாளர் மேடையின் தூக்குப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே செல்கிறார். டெல் பாய் மீண்டும் சாய்கிறார், பலகை இல்லை. கையை ஊன்றாமல், முகம் மாறாமல், மரம் சாய்வதுபோல் பக்கவாட்டில் விழுகிறார். நடித்தவர் டேவிட் ஜேசன். வெறும் வீழ்ச்சி என்றால் நாம் மறந்திருப்போம். தம்மை உயர்ந்தவராகக் காட்டிக்கொள்ள ஆண்டுக்கணக்கில் பாடுபடும் ஓர் எளிய மனிதர், அப்படிக் காட்டிக்கொண்ட அதே கணத்தில் விழுகிறார். அவருடைய கனவையும் நாம் அறிவோம். ஆதலால் அந்த வீழ்ச்சி மனத்தில் தங்குகிறது.

நகையும் அழுகையும்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் நிலைகளை எட்டாக வகுக்கிறது. முதலாவது நகை, அதற்கு அடுத்தது அழுகை. நகை பிறக்கும் களங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பிறரை இகழ்வது எள்ளல். குழந்தைத்தன்மையால் பிறப்பது இளமை. அறியாமையால் நேர்வது பேதைமை. கொண்டதை விடாத வெள்ளை மனம் மடன். அழுகைக்கும் நான்கு களங்கள் உண்டு. உரியவரை இழத்தலாகிய இழவு அவற்றுள் ஒன்று.

இப்பகுப்பைக் கொண்டு நோக்கினால் மேரியின் சிரிப்பு தெளிவாகப் புலப்படும். அலுவலகத்தில் நண்பர்கள் சிரித்த சிரிப்பில் எள்ளல் கலந்திருந்தது. இறந்தவர் அங்கே வேடிக்கைப் பொருளாகிவிட்டார். மேரி கடிந்துகொண்டது அதையே. இறுதிச் சடங்கில் மேரிக்கு வந்த சிரிப்பு வேறு. அது ‘ஃபூஃபூ’ என்னும் மழலைச் சொல்லால், அதாவது இளமையால், பிறந்தது. அதில் இகழ்ச்சி இல்லை. சக்கிள்ஸ் வாழ்நாளெல்லாம் குழந்தைகளுக்கு அளித்துவந்த அதே சிரிப்பு அது. அதை அடக்கி அடக்கி வைத்த முகத்தில், இழவின் துயரமும் உடன் அடங்கியிருந்தது. ஒன்றுக்கு வழி திறந்தபோது மற்றொன்றும் வெளிவந்தது.

பார்ப்பவர் இதை விளக்கமாக எண்ணிப் பார்ப்பதில்லை, ஆனால் அறிந்துகொள்கிறார். துக்க வீட்டில் சிரிப்பை அடக்கிய அனுபவம் ஏறத்தாழ எல்லோருக்கும் உண்டு. அதைப் பற்றி எவரிடமும் சொல்லாமல், உள்ளுக்குள் குற்றமாகக் கருதி வைத்திருக்கிறோம். அந்தக் குற்ற உணர்ச்சியை ஒரு காட்சி வெளிப்படையாக எடுத்துக் காட்டி, அது குற்றமன்று என்று ஒருவர் வாயிலாகச் சொல்லவும் வைத்தது. ஒரு நகைச்சுவைக் காட்சி நெடுங்காலம் நிலைப்பதற்கு இதுவே தலையாய காரணம் என்று நாம் கருதுகிறோம்: நாம் சொல்ல முடியாமல் வைத்திருந்த ஒன்றை அது நமக்காகச் சொல்லிவிடுகிறது.

மூளையும் உடன் சிரிப்போரும்

சிரிப்பு மூளையில் பதியும் விதமும் ஓரளவு அறியப்பட்டுள்ளது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், வேடிக்கையான சித்திரங்களைப் பார்த்தவர்களின் மூளையைப் படமெடுத்தனர். நல்ல உணவும் பிற இன்பங்களும் கிடைக்கும்போது செயல்படும் ‘வெகுமதி’ப் பகுதிகள், அச்சித்திரங்களைப் புரிந்துகொண்டு மகிழ்ந்தபோதும் செயல்பட்டன. உணர்ச்சி மிகுந்த நிகழ்வுகளை மூளை ஆழமாகப் பதிவு செய்கிறது என்பதும் நன்கு அறியப்பட்ட உண்மை. உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலா என்னும் பகுதி, நினைவைச் சேமிக்கும் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியின் அருகிலேயே அமைந்து, அதன் பணியை வலுப்படுத்துகிறது. அச்சம், இன்பம், துயரம் ஆகிய மூன்றும் ஒரே காட்சியில் கூடும்போது அது எளிதில் மறையாது.

மற்றொரு காரணம், நாம் தனியாகச் சிரிப்பதில்லை என்பது. சிரிப்பை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ராபர்ட் புரோவைன், மாணவர்களைக் கொண்டு அவர்களுடைய அன்றாடச் சிரிப்பைக் குறித்து வைக்கச் செய்தார். தனிமையில் இருக்கும்போது சிரித்ததைவிட, பிறரோடு இருக்கும்போது ஏறத்தாழ 30 மடங்கு மிகுதியாக அவர்கள் சிரித்தனர். அன்றாட உரையாடலில் எழும் சிரிப்பில் பெரும்பகுதி நகைச்சுவைப் பேச்சுக்குப் பின் எழுவதன்று. சாதாரணப் பேச்சுக்கு நடுவே, உடன் இருப்பவரோடு உள்ள உறவால் எழுவது என்பதையும் அவர் கண்டறிந்தார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், சுமாரான துணுக்குகளுக்குப் பின் பிறர் சிரிக்கும் ஒலியைச் சேர்த்தபோது அவை மேலும் வேடிக்கையாகத் தோன்றின. அந்த ஒலி இயல்பான சிரிப்பாக இருந்தால் விளைவு இன்னும் கூடியது.

எனவே, ஒரு காட்சியை நினைக்கும்போது அதை யாருடன் பார்த்தோம் என்பதும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. கூடத்தில் அமர்ந்திருந்த தந்தை, தண்ணீர் குடித்துக்கொண்டே சிரித்துப் புரையேறிய தம்பி, ஒன்றும் புரியாமல் எல்லோரும் சிரிப்பதைக் கண்டு சிரித்த பாட்டி ஆகியோரும் அக்காட்சியின் பகுதி ஆகிவிடுகின்றனர். அதை நாம் பிறரிடம் மீண்டும் மீண்டும் சொல்லிக் காட்டுகிறோம். சொல்லும்தோறும் அது உறுதிப்படுகிறது.

கட்டிலருகே இதன் பயன்

சிரிப்பு நோயைக் குணப்படுத்தும் என்று நாம் கூறவில்லை. அமெரிக்க இதழாசிரியர் நார்மன் கசின்ஸ் 1964இல் கடும் மூட்டு நோயால் படுத்தபோது, மார்க்ஸ் சகோதரர்களின் திரைப்படங்களையும் ‘கேண்டிட் கேமரா’ தொலைக்காட்சி நிகழ்ச்சியையும் பார்த்தார். பத்து நிமிடம் நன்றாகச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியின்றி உறங்க முடிந்தது என்று அவர் எழுதினார். அவருடைய கட்டுரை 1976இல் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்து உலகின் கவனத்தை ஈர்த்தது. எனினும் அது ஒரு தனி மனிதரின் அனுபவமே. அதைச் சிகிச்சையாகக் கொள்ள முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் ராபின் டன்பாரும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட சோதனைகளில், பிறரோடு சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தவர்களால் அதன் பிறகு வலியைச் சற்று மிகுதியாகத் தாங்க முடிந்தது. வலி சிறிது எளிதாவது உண்டு; மருந்துக்கு அது மாற்று ஆகாது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சிரிப்பை நம்பி எவரும் நிறுத்திவிடக் கூடாது.

கட்டிலருகே எவ்வகைச் சிரிப்பு நன்மை தரும் என்பதை மேரியின் கதையிலிருந்தே அறியலாம். நோயாளியின் உடல்நிலையை, தோற்ற மாற்றத்தை, மறதியை, தடுமாற்றத்தைப் பொருளாக்கிச் சிரிப்பது எள்ளல். அவர் உடன் சிரித்தாலும் உள்ளம் புண்பட்டிருக்கக்கூடும். கீமோதெரபியால் முடி உதிர்ந்த ஒருவர் தம் தலையைத் தாமே வேடிக்கையாகப் பேசினால் நாமும் சேர்ந்து சிரிக்கலாம். நாமாகத் தொடங்குவது தகாது. முதல் அடி நோயாளியுடையதாக இருக்கட்டும். பழைய குடும்பக் கதைகளும், பேரக்குழந்தைகளின் மழலையும், எல்லோரும் ஒன்றாகப் பார்த்த தொடரின் காட்சியும் இளமையால் பிறக்கும் சிரிப்பைத் தருவன. அவை எவரையும் தாழ்த்துவதில்லை.

நோயாளி சிரிக்கும் மனநிலையில் இல்லாதபோது அவரைச் சிரிக்க வைத்தே தீர வேண்டும் என்று முயல்வதும் தவறு. எப்போதும் மலர்ந்த முகத்தோடு இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் அவருக்குச் சுமையாகிவிடும். போதகர் மேரிக்குக் கட்டளை இடவில்லை, அனுமதிதான் கொடுத்தார். அந்த அனுமதியைப் பெற்ற மேரி அழுதார். அதையும் எவரும் தடுக்கவில்லை. உங்கள் வீட்டாரும் நன்றாகச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று கண் கலங்கக்கூடும். ஏன் சிரிக்க வைத்தோம் என்று வருந்த வேண்டாம். உடனே பேச்சை மாற்றவும் வேண்டாம். கையைப் பற்றிக்கொண்டு அருகில் இருந்தால் போதும்.

நினைவு குன்றியோரைப் பராமரிப்பவர்கள் ஒரு செய்தியை மனத்தில் கொள்ள வேண்டும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஹிப்போகேம்பஸ் சேதமடைந்து புதிய நினைவுகள் தங்காத ஐந்து நோயாளிகளுக்குத் துயரமான படக்காட்சிகளையும் மகிழ்ச்சியான படக்காட்சிகளையும் காட்டினர். பார்த்த காட்சிகள் சிறிது நேரத்தில் மறந்துபோயின. ஆனால் அவை ஏற்படுத்திய துயரமும் மகிழ்ச்சியும் அதன் பின்னும் நீடித்தன. மாலையில் நீங்கள் உங்கள் தாயோடு அமர்ந்து ஒரு நகைச்சுவைத் தொடரைப் பார்த்துச் சிரித்ததை அவர் இரவு உணவுக்குள் மறந்துவிடலாம். அந்த நேரம் வீணாகிவிடவில்லை. நேற்றுப் பார்த்த அதே பகுதியை அவர் இன்றும் புதிதாகப் பார்த்துச் சிரித்தால், ‘இதை நேற்றே பார்த்தோமே’ என்று சொல்லாமல் உடன் சிரியுங்கள்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

வயிற்றிலோ மார்பிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குச் சிரிக்கும்போது தையல் இழுத்து வலிக்கும். இருமும்போது செய்வது போலவே, சிறிய தலையணை ஒன்றைக் காயத்தின்மேல் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தால் வலி குறையும்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பலத்த சிரிப்பு மூச்சிரைப்பைத் தூண்டக்கூடும். மருத்துவர் எழுதிக் கொடுத்த இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிரித்தால் இரைப்பு வருவது அடிக்கடி நிகழுமானால் மருத்துவரிடம் கூறுங்கள். நோய் போதிய கட்டுப்பாட்டில் இல்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

பக்கவாதம், தலைக்காயம், சில நரம்பு நோய்கள் ஆகியவற்றுக்குப் பின் சிலருக்குக் காரணமின்றிச் சிரிப்போ அழுகையோ வந்து, நிறுத்த முடியாமல் நீடிப்பதுண்டு. உள்ளத்தில் மகிழ்ச்சி இல்லாதபோதும் முகம் சிரிக்கும். ‘சூடோபல்பர் அஃபெக்ட்’ எனப்படும் இந்நிலை மூளையின் கட்டுப்பாட்டுக் குறைவால் வருவது, நோயாளியின் தவறன்று. அவரைக் கடிந்துகொள்ளாமல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். இதற்கு மருந்துகள் உள்ளன.

பொது வார்டில் கைப்பேசியில் நிகழ்ச்சி பார்ப்போர் காதொலிப்பானைப் பயன்படுத்த வேண்டும். அடுத்த கட்டிலில் இருப்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை நாம் அறியமாட்டோம். இருவர் சேர்ந்து பார்க்க விரும்பினால், எழுந்து நடக்கக்கூடியவர்கள் செவிலியரிடம் சொல்லிவிட்டுப் பார்வையாளர் அறைக்குச் செல்லலாம்.

சிரிக்கலாமா என்னும் கேள்விக்கு

துன்பம் வரும்போது சிரிக்க வேண்டும் என்று திருவள்ளுவர் ‘இடுக்கண் அழியாமை’ அதிகாரத்தின் தொடக்கத்திலேயே அறிவுறுத்துகிறார். துன்பம் இல்லை என்று எண்ணிச் சிரிக்கும்படி அவர் கூறவில்லை. துன்பத்தை எதிர்கொண்டு வெல்வதற்குச் சிரிப்பைப் போன்ற துணை வேறில்லை என்கிறார். மேரியின் காட்சியும் மரணத்தை மறைத்துச் சிரிக்கவில்லை. மரணத்தின் முன்னிலையில், அதைப் பார்த்துக்கொண்டே சிரித்தது. அதனால்தான் அச்சிரிப்பு இலேசானதாக இல்லை. அதனால்தான் அது மறக்கப்படவும் இல்லை.

எனவே, தாழ்வாரத்தில் நின்றுகொண்டு சிரிக்கத் தயங்குவோரிடம் நாம் கூற விரும்புவது இதுவே: அன்பில்லாதவரின் அருகில் அமர்ந்து எவரும் இத்தனை இரவுகள் கண் விழிப்பதில்லை. நடுவே ஒரு சிரிப்பு வந்தால் அந்த அன்பு குறைந்துவிடாது. உள்ளே படுத்திருப்பவரும் அந்த ஒலியைக் கேட்டு, என்ன வேடிக்கை என்று அறிய விரும்பலாம். உள்ளே சென்று அவருக்கும் சொல்லுங்கள். அவர் சிரித்தால் உடன் சிரியுங்கள். அழுதால் உடன் இருங்கள். வீடு திரும்பிய பின் இம்மருத்துவமனை நாள்களை நினைக்கும்போது, ஊசியும் குளுக்கோஸ் பாட்டிலும் மட்டுமன்றி, அந்தச் சிரிப்பும் நினைவுக்கு வரட்டும்.